சீட்டுக்கு அடியில் இரண்டு ஒயர்

கொல்லிமலையில் புல் வெட்ட வண்டி வேண்டும் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அங்கே அந்த வேலையைக் காலங்காலமாக மாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் சேலத்துக்காரர் ஒருவர் அரியூர் நாட்டில், மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு, ஒரு விருந்தினர் விடுதி கட்டினார். கட்டடத்தைச் சுற்றி மூன்று ஏக்கருக்குப் புல் வளர்த்தார். அதில் மாடு கால் வைக்கக் கூடாது என்று வேலியும் போட்டார். மாட்டைத் துரத்திவிட்டால் வெட்டுவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பேளுக்குறிச்சியில் மெக்கானிக். பம்ப்செட், ஆயில் எஞ்சின், பவர் டில்லர், எது நின்றுபோனாலும் என் பட்டறைக்கு வரும். தூக்கிவர முடியாததை நானே போய்ப் பார்ப்பேன். சுற்றுவட்டாரத்துக்கே நான் பாய். வேலை தெரிந்தவன் என்று பெயர், வாய் நீளம் என்றும் பெயர். இரண்டும் உண்மைதான். கோபமும் சட்டென்று வரும். ஒரே கேள்வியை யாராவது இரண்டாம் முறை கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

விடுதியில் ஒரு பழைய சின்ன டிராக்டர் கிடந்தது. முதலாளியின் அப்பா காலத்து வண்டி. அதன் பெயின்ட் என்ன நிறம் என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை. அதன் பின்னால் மாட்டுவதற்கு நானே ஒரு வெட்டும் சட்டி செய்து கொடுத்தேன். கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்புச் சட்டி, அதற்குள் சுழலும் இரண்டு பிளேடு, அவ்வளவுதான். பிளேடை லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்திருந்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலையில் குறை சொல்ல முடியாது.

அதை ஓட்டியவர் பக்கத்து ஊர்க்காரர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும் போடும் மலை விவசாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணா. டிராக்டரை வைத்துக்கொண்டு புல்தரையை ஒழுங்காக வெட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சட்டி பின்னால் வருவதால் டயர் முதலில் புல்லை மிதித்துப் படுக்கப் போட்டுவிடும். படுத்த புல் பிளேடுக்குத் தப்பி மறுநாள் காலை இரண்டு கோடாக எழுந்து நிற்கும். அவர் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். டயரில் காற்றைக் குறைப்பார். பனி காய்ந்து பத்து மணி ஆன பிறகுதான் வண்டியை எடுப்பார். போன தடத்தில் பாதியை மறுபடி மூடிக்கொண்டு எதிர்த் திசையில் வருவார். தினமும் காலையில் பிளேடுக்கு அரம் போடுவார். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி இரண்டே நாளில் பழுத்துத் தரை முழுக்க நரைத்துப்போகும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விடுதிக்குக் கீழே புல்தரை ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கும். மலையில் சரிவை மேலும் கீழுமாக யாரும் உழ மாட்டார்கள், மழைக்கு மண் போய்விடும். குறுக்கேதான் உழுவார்கள். அவர் புல்லையும் அப்படித்தான் வெட்டினார். டிராக்டர் பள்ளத்துப் பக்கம் சாயும்போது சீட்டைவிட்டு எழுந்து, மேட்டுப் பக்கம் உடம்பை வைத்து நின்றபடி ஓட்டுவார். இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடியும்வரை எஞ்சினை நிறுத்தவே மாட்டார். பேட்டரி செத்த வண்டி, நிறுத்தினால் தள்ளுவதற்கு நாலு பேரைத் தேட வேண்டும். தண்ணீர் குடிக்க இறங்கினாலும் பிளேடு லீவரை இழுத்துப் பிளேடை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஓடவிட்டபடியே இறங்குவார்.

முதலாளி டிவியில் கிரிக்கெட் பார்ப்பவர். மைதானத்தில் புல் பட்டை பட்டையாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, தன் விடுதியிலும் அப்படி வேண்டும் என்று முடிவு செய்தார். வெளிநாட்டிலிருந்து வந்த புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கி, மினி லாரியில் எழுபது கொண்டைஊசி வளைவும் ஏற்றி அனுப்பினார். உட்கார்ந்து ஓட்டுவது. நாலு சின்னச் சக்கரம், மெத்தை வைத்த சீட்டு, காபி டம்ளர் வைக்க ஒரு குழி. எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. பொருட்காட்சியில் பிள்ளைகள் ஏறும் மோட்டார் கார் மாதிரி இருக்கிறதே என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன்.

ஆனால் அது நன்றாக வெட்டியது. பிளேடு பின்னால் இல்லை, வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. எடை குறைவு, டயர் அகலம், அதனால் புல் படுக்கவில்லை. சமதரையில் ஒரே சுற்றில் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஈரப் புல் மட்டும் சட்டிக்குள் உருண்டை கட்டும். டிராக்டரில் ஒரு நாள் ஆகும் வேலை மதியத்துக்குள் முடிந்தது. அன்று இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் செய்து கொடுத்த சட்டி கொட்டகையில் துருப்பிடிக்கப் போகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது.

வண்டி வந்து இரண்டு வாரம் இருக்கும். முதலாளி மகளின் நிச்சயதார்த்தத்தை விடுதிப் புல்தரையிலேயே வைத்திருந்தார்கள். அதற்கு நாலு நாள் இருக்கும்போது மலையிலிருந்து பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு எனக்குப் போன் வந்தது. வண்டி சரிவில் நின்று நின்று போகிறது, உடனே வர வேண்டும் என்றார்கள். அன்று எங்கள் ஊரில் சந்தை. பட்டறையில் ஆறு வேலை காத்துக்கொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன்.

அண்ணன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். “ஏனுங்க பாய், மேட்டுப் பக்கம் சாஞ்சாப் போதும், பொசுக்குன்னு நின்னு போயிருதுங்க. உக்காந்தா ஓடுது, எந்திரிச்சா நிக்குது. என்ன கோளாறுன்னே தெரியலீங்க” என்றார்.

சீட்டைத் தூக்கினேன். அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து இரண்டு ஒயர். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் சீட்டில் இல்லையென்றால் எஞ்சினையும் பிளேடையும் சேர்த்து நிறுத்தும் சுவிட்ச் அது. சட்டியின் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பாதம், அதன் பக்கத்தில் பிளேடு, மேலே சிவப்புப் பெருக்கல் குறி. வண்டியோடு வந்த புத்தகத்திலும் படம் இருந்தது. சரிவில் குறுக்கே போகும் வண்டிக்கும் அதே சிவப்புக் குறி. எனக்கு இங்கிலீஷ் வராது, படம் புரியும். புரிந்துதான் செய்தேன். வெள்ளைக்காரனுக்கு எதைக் கண்டாலும் பயம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு ஒயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“இனி நிக்காதுங்ணா.”

“சரியாப் போச்சுங்களா?”

“சரியாப் போச்சு.”

அவர் சமதரையில் நின்றபடியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் நிற்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக வந்து டீ வாங்கிக் கொடுத்தார். புல் இன்னும் ஈரமாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் சரிவில் இறங்குகிறேன் என்றார். அந்த சுவிட்ச் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சந்தை நாளில் பாதி போய்விட்டதே என்ற அவசரம் எனக்கு.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவள், வாசல் அறையில் மெஷின் போட்டிருந்தாள். சோறு போட்டுக்கொண்டே மலையில் என்ன வேலை என்று கேட்டாள். நான் பெருமையாகவே சொன்னேன், அந்த வெளிநாட்டுக்காரனைவிட நான் கெட்டிக்காரன் என்ற தோரணையில். அவள் கரண்டியோடு நின்றாள்.

“ஏனுங்க, என் மெஷின்ல கால எடுத்தா ஊசி நிக்குது. அதுல ஆளு எறங்கினாலும் பிளேடு சுத்திக்கிட்டே இருக்குமுங்களா?”

“அவரு என்ன சின்னப் பிள்ளையா? பிளேடை நிறுத்திட்டுத்தான் எறங்குவாரு” என்று எரிந்து விழுந்தேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கு உறைத்தது. நிறுத்த மாட்டார். இரண்டு வாரமாக அவர் எழுந்தாலே வண்டி தானாக நின்றுகொண்டிருந்தது. பிளேடு லீவரைத் தொட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. டிராக்டரில் இருந்த அந்தப் பழக்கத்தை இந்த வண்டி மறக்கடித்திருந்தது. இன்று காலை நான் வண்டியின் பழக்கத்தையும் பிடுங்கிவிட்டேன். போதாததற்கு அவர் செருப்புப் போட்டு வண்டி ஓட்டுகிறவர் இல்லை. வயலில் இறங்குவதுபோல, கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு ஓடினேன். விடுதி போன் அடிக்கவே இல்லை. மழைக்காற்று என்றால் மலை லைன் போய்விடும். இரண்டு முறை, மூன்று முறை சுழற்றினேன். பூத்துக்காரர் என்னங்க பாய் என்று கேட்கும்போதே ஸ்கூட்டரை உதைத்தேன்.

காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. காலையில் ஏறிய அதே ரோடு, அதே ஸ்கூட்டர், ஆனால் நகரவே மாட்டேன் என்றது. வளைவுக்கு வளைவு நட்டிருக்கும் நம்பர் பலகையை எண்ணாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. முன்னால் நாலு அடிதான் தெரிந்தது. நாற்பத்திச் சொச்சத்தில் குச்சிக்கிழங்கு லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. டிரைவர் ஒரு முறை பின்னால் எடுத்தார், மறுபடி முன்னால் வந்தார், மறுபடி பின்னால். நான் கத்திய கத்தலில் கிளீனர் இறங்கி வந்து, யாருக்காச்சும் உடம்புக்கு முடியலீங்களா என்று கேட்டான். இன்னும் இல்லை என்று என் வாயில் வந்தது. அதைக் கேட்டு நானே பயந்துபோனேன். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்கூட்டரை உரசிக்கொண்டு நுழைத்து வெளியே வந்தேன். வழி முழுக்க அல்லாவிடம் பேரம் பேசிக்கொண்டே போனேன். அவர் கால் நன்றாக இருக்கட்டும், என் வாயை இனி அடக்கிக்கொள்கிறேன் என்றேன்.

விடுதி வாசலில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுப் புல்தரையின் மேல் விளிம்புக்கு ஓடினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. சரிவின் நடுவில் அவர் நின்றபடி, மேட்டுப் பக்கம் சாய்ந்து, குறுக்கே வந்துகொண்டிருந்தார். நேர் கோடு. வெளிர் பச்சை ஒன்று, கரும் பச்சை ஒன்று என்று பட்டை அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. இரண்டு காலும் நன்றாக இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு, அவர் சமதரைக்கு வரும்வரை காத்திருந்திருக்கலாம். பக்கத்தில் போய், உட்காருங்க, சாவியைத் திருப்புங்க என்று நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி, “அண்ணா! அண்ணா! எறங்காதீங்க!” என்று கத்தினேன்.

எஞ்சின் இரைச்சலில் அவருக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. யாரோ கூப்பிடுவது மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார், பாய் என்று தெரிந்ததும் சிரித்தார். மலையில் தேடிவந்த ஆளிடம் வண்டிமேல் இருந்தபடி யாரும் பேச மாட்டார்கள். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாலும் மாட்டை நிறுத்திவிட்டு வந்துதான் வாங்க என்பார்கள். அவர் கியரை நியூட்ரலில் தள்ளினார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, எஞ்சினை ஓடவிட்டு, இறங்கினார்.

“வாங்க பாய்” என்று அவர் சொன்னது எனக்கு வாய் அசைவில் தெரிந்தது. அவர் இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் பின்னால் வண்டி மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. நான் காட்டிய கையைப் பார்த்து அவர் திரும்பினார். முதலாளி வண்டி, நாலு நாளில் விசேஷம், ஓடையில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார். ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். ஈரப் புல்லில் அவருடைய வலது கால் வழுக்கிச் சட்டிக்கு அடியில் போனது.

கல்லில் பிளேடு பட்டால் வரும் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை, சாவியைத் திருப்பியது மட்டும் நினைவிருக்கிறது. எஞ்சின் நின்றதும் வண்டி ஒரு கல்லில் முட்டி நின்றது. அவர் புல்லில் உட்கார்ந்து காலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். கத்தவில்லை. தலைத்துண்டைக் கேட்டார், கட்டினேன். இரண்டு விரல் இல்லை. பெருவிரலும் அடுத்ததும்.

விடுதி ஜீப்பில் அவரைச் செம்மேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து நாமக்கல்லுக்கு. நான் ஜீப்பில் ஏறவில்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கொட்டகைக் கதவைச் சாத்தி, சீட்டைத் தூக்கி, டேப்பைப் பிரித்து, ஒயர்களைப் பழையபடி சுவிட்சோடு இணைத்தேன். டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்காமல் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீது அருவருப்பாக இருக்கிறது.

மீதிச் சரிவைப் பழைய டிராக்டரில் நானே வெட்டினேன். டயர்த் தடம் கோடு கோடாக விழுந்தது. நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் புல்லைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். அவரோ அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: “பாய் வரலீன்னா காலே போயிருக்குமுங்க. எனக்கு ஆபத்து வருதுன்னு கீழ இருக்கறவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ, சாமி கொண்டாந்து உட்டாப்பல வந்தாருங்க.” கிளம்பும்போது ஒரு மலைவாழைத் தாரைக் கட்டி ஸ்கூட்டரில் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வழக்கமாக நிற்காத வாய்.

என் மனைவி அந்தப் பழத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பிள்ளைகளையும் தொடவிடவில்லை. தார் கறுத்து ஈ மொய்த்தது. “நீங்க சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுங்களா?” என்றாள் ஒரு நாள். நான் சண்டை போட்டேன். எனக்குப் பதில் இல்லாத இடத்தில் நான் சண்டைதான் போடுவேன்.

இருபது நாள் கழித்து மறுபடி மலைக்குப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். குண்டனி நாட்டில் ஒரு தோட்டக்காரர் அதே மாதிரி வண்டி வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டு, ஆள் அனுப்பித் தடுத்துவிட்டதாகச் சொன்னார். “அந்த வண்டி பொறப்புலயே கோளாறுங்க. நீங்க சரி பண்ணியும் அது புத்தி மாறலீங்க. முதலாளியும் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னுட்டாரு.”

நான் கீழே, அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன். சுவிட்ச் எதற்கு இருந்தது என்று, படத்தில் என்ன போட்டிருந்தது என்று, நான் என்ன செய்தேன் என்று. நான் கத்தியது எதற்கு என்று. அன்று சாயங்காலம் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததையும் சொன்னேன். உள்ளே அவர் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த மிளகைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப அந்த வண்டி நல்லாத்தான் இருந்துச்சுங்களா, பாய்?”

“நல்லாத்தான் இருந்துச்சுங்ணா” என்றேன்.